நரேன் கார்த்திகேயன்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: 14 ஜனவரி 1977) கோயம்புத்தூரைச் சேர்ந்த கார் பந்தய வீரர். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அமெரிக்க ஸ்டாக் கார் அமைப்பான நாஸ்காரில் களமிறங்கிய முதல் இந்தியரும் இவரே.

தொடக்கம்

தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியை 7 முறை வென்றவர். அதே ஊரில் எஸ். கரிவரதன், மாருதி இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி வந்தார். நரேன் ஸ்ரீபெரும்புதூர் ஓடுதளத்தில் ஓட்டத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதி கார்களில்தான். 1992இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளியில் பயின்றார். 1994இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரையும், 1996இல் ஃபார்முலா ஏசியா பட்டத்தையும் வென்றார்.

ஃபார்முலா 1

2005இல் ஜோர்டான் அணி இவரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில், மிச்செலின் டயர்கள் பாதுகாப்பானவை அல்ல என்று 14 கார்கள் விலகிக்கொள்ள, எஞ்சிய 6 கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1இல் வேறெந்த இந்திய ஓட்டுநரும் புள்ளி பெற்றதில்லை. பின்னர் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநரானார். 2011, 2012 ஆண்டுகளில் எச்ஆர்டி அணிக்கு ஓட்டினார். 2011 அக்டோபர் 30 அன்று நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் 17ஆம் இடம் பிடித்தார்.

ஸ்டாக் கார்

ஸ்டாக் கார் என்பது சாலையில் ஓடும் வண்டியின் சாயலில் பந்தயத்துக்கென்றே செய்யப்படுவது. 2010இல் நரேன் நாஸ்காரின் பிக்கப் டிரக் தொடரில் சேர்ந்தார். முதல் பந்தயம் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில். காகித கிளிப்பைப் போன்ற அந்தத் தடம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 850 மீட்டர்தான். நேர்பாதைகள் தார், வளைவுகள் கான்கிரீட். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை ஓங்கி மிதித்தாக வேண்டும். சூடேறி அது தளர்ந்தால் ஓட்டுநர் கதி அதோகதி. 600 கிலோ எடையுள்ள ஃபார்முலா 1 காரில் பழகிய கால், ஒன்றரை டன் வண்டியை அடக்கக் கற்க வேண்டியிருந்தது. சக்கரங்கள் மூடியிருப்பதால் இங்கே வண்டிகள் ஒன்றையொன்று உரசுவது சகஜம். திறந்த சக்கரக் காரிலோ அத்தகைய உரசலோடு பந்தயமே முடிந்துவிடக்கூடும். இத்தனைக்கும் நடுவே 13ஆம் இடத்தில் முடித்தார். ரசிகர்கள் வாக்களித்து, அவ்வாண்டு தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக இவரைத் தேர்ந்தெடுத்தனர். அதே ஆண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

பிற்காலம்

2014 முதல் 2018 வரை ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டினார். 2019இல் மூடிய கூரைக் கார்கள் ஓடும் சூப்பர் ஜிடி தொடருக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பரில், ஜெர்மன் டிடிஎம் தொடருடன் சேர்ந்து ஃபூஜி தடத்தில் நடத்திய சிறப்புப் பந்தயம் ஒன்றை வென்றபோது வயது 42. 2021இல் ஆசிய லெ மான்ஸ் தொடரிலும் பங்கேற்றார்.

மதிப்பீடு

ஃபார்முலா 1இல் இவர் ஓட்டியவை 46 பந்தயங்கள். பெரும்பாலும் பின்வரிசை அணிகளின் கார்கள். அந்தக் கணக்கை மட்டும் பார்த்து இவரை அளப்பது நியாயமாகாது. இடம் கிடைக்காத ஆண்டுகளில் வீட்டோடு இருந்துவிடாமல், தெரியாத வண்டியில் ஏறி முதலிலிருந்து கற்றார். கோவைப் பட்டறையில் பிறந்த சிறு காரில் தொடங்கியவர், ஏறத்தாழ 30 ஆண்டுகள் களத்தில் நின்றது அந்தக் கற்கும் குணத்தால்தான்.