எந்தக் கதவு முதலில் திறந்தது?

மூடுவதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. 2020 மார்ச் 16 இரவு மலேசியப் பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் பேசினார்; 18-ஆம் தேதி காலை பினாங்கின் ஜெலுத்தோங் சாலையில் நாய்கள் மட்டும்தான் நடந்தன. திறப்பதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதுவும் ஒரேயடியாக அல்ல. திறந்து, மூடி, பாதி திறந்து, மறுபடி மூடி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்றதும் எங்கள் பிளாட்டில் எல்லாரும் அடைந்து கிடந்த கதையைத்தான் ஆரம்பிப்பார்கள். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி 2022-இல் ஓய்வுபெற்ற எனக்கோ திறந்த வரிசைதான் மனத்தில் நிற்கிறது. எதை முதலில் திறந்தார்கள், எதைக் கடைசிக்குத் தள்ளினார்கள் என்று தேதி போட்டுப் பார்த்தால், இந்த ஊருக்கு எது அவசரம், எது காத்திருக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடங்களின் கதை விடுமுறையில் தொடங்கியது. பினாங்கில் அந்த ஆண்டின் முதல் தவணை விடுமுறை மார்ச் 14-இல் ஆரம்பித்திருந்தது. ஒரே வாரம்தான் என்பதால் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. மேசைக்கு அடியில் வண்ணப் பென்சில் டப்பாவை விட்டுப் போனவர்கள் உண்டு. திருத்திய பயிற்சிப் புத்தகங்களை நானும் அலமாரியில் அப்படியே அடுக்கிவிட்டு வந்தேன். ஜூலையில் எடுத்துப் பார்த்தபோது அட்டைகளில் பூஞ்சை படிந்திருந்தது.

சந்தைகளை முழுதாக மூட முடியாது, சாப்பிட வேண்டுமே. வீட்டுக்கு ஒருவர் போய் வாங்கி வரலாம் என்றார்கள். அடுத்து தொழிற்சாலை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து ஜெலுத்தோங் பிளாட்டுகளில் பாதிக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. மின்னணுத் தொழிற்சாலைகளுக்குக் குறைந்த ஆட்களோடு இயங்க ஆரம்ப வாரங்களிலேயே அனுமதி கிடைத்தது. எங்கள் மாணவர்களின் அம்மாக்கள் பலர் ஷிப்டுக்குத் திரும்பினார்கள். பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அது அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். காலையில் நான் புலனத்தில் அனுப்பிய பாடத்துக்குப் பதில் இரவு பத்து மணிக்கு மேல் வரும், எழுத்து கோணல்மாணலாக, படத்தின் ஓரத்தில் தூங்கி வழியும் ஒரு முகத்தோடு. தொழிற்சாலை திறந்து பள்ளிக்கூடம் மூடியிருந்தால் என்ன நடக்கும் என்று மேலே இருப்பவர்கள் யோசித்திருப்பார்கள். யோசித்தும் அப்படித்தான் செய்தார்கள்.

மே 4-இல் நாடு முழுக்கத் தளர்வு வந்தபோது பினாங்கு அரசு தனிக் கணக்குப் போட்டது. மே 8 முதல் மூன்று கட்டமாகத்தான் திறப்போம் என்றது. அவசரப்படாததை அன்று பலரும் திட்டினார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. முடிதிருத்தும் கடைகளின் கதை வேறு. ஏப்ரல் 10-ஆம் தேதியே அவற்றைத் திறக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. வேண்டாம் என்றவர்களில் கடைக்காரர்களே இருந்தார்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்றா முடி வெட்டுவது? சில நாளில் அறிவிப்பு வாபஸ் ஆனது. ஜூன் 10-இல்தான் நாற்காலிகள் மறுபடி சுழன்றன. அன்று எங்கள் பக்கத்து இந்தியர் கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் தைப்பூசத்துக்கு மொட்டை போட வந்தவர்கள் என்றே தோன்றும்.

பள்ளிகள் அதற்கும் பிறகு. ஜூன் 24-இல் ஐந்தாம், ஆறாம் படிவ மாணவர்கள், அதாவது பெரிய சோதனை எழுத வேண்டியவர்கள். ஜூலை 15-இல் மற்றப் படிவங்களும், தொடக்கப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டும். ஜூலை 22-இல்தான் ஒன்று முதல் நான்கு வரை. சோதனைக்கு யார் அருகில் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கதவு முதலில். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி, தரையில் ஒட்டிய நாடா, ஓய்வு நேரத்தில் யாரும் வெளியே போகக் கூடாது. சிற்றுண்டிச்சாலை அக்கா மீகூனைத் தாளில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, வகுப்பு வகுப்பாகக் கூடையில் கொண்டுவந்தார். முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடும்போதுதான் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டார்கள். ஜனவரியில் பழகியதெல்லாம் மறந்துபோயிருந்தது.

நவம்பர் 9-இல் நாடெங்கும் பள்ளிகளுக்கு மறுபடி பூட்டு. அந்த ஆண்டு யூ.பி.எஸ்.ஆர் சோதனை நடக்கவே இல்லை. 1988 முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆட்டிப் படைத்த சோதனை அது. 2021 ஏப்ரலில் ஒரேயடியாக எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். மூடியது மூடியதுதான் என்று ஆனவற்றில் நான் வருத்தப்படாதது இதற்கு மட்டும்தான்.

அடைப்பும் திறப்பும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜெலுத்தோங் கடற்கரையில் நின்று பினாங்குப் பாலத்தைத் தாண்டித் தெற்கே பார்த்தால் ஜெரெஜாக் தீவு தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கு அது 1969 முதல் 1993 வரை சிறையாக இருந்த இடம். என் பாட்டிக்கு அது மலாயாவின் முதல் மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளுக்காக எடுத்துக்கொண்ட அந்தத் தீவில், பின்பு கப்பலில் வருபவர்களைத் தடுத்துவைக்கும் நிலையமும் எழுந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்களில் அம்மையோ வாந்திபேதியோ இருக்கும் என்ற பயம். டெக்கில் வந்த கூலிகளைத் தீவில் இறக்கினார்கள். மேல்வகுப்புப் பயணிகள் பெரும்பாலும் நேரே ஊருக்குள் போனார்கள். துணியை எல்லாம் ஆவியில் போட்டு எடுத்துக் கொடுத்ததில் புதுச் சேலைச் சாயம் போய்விட்டது என்று பாட்டி சாகும்வரை புலம்புவார். நோயைப் பற்றி அவர் பேசியதில்லை, சேலையைப் பற்றித்தான்.

அங்கும் ஒரு வரிசை இருந்தது. அம்மை குத்தி, நாள் கழிந்தவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ரப்பர் மரம் காத்திருக்காது. இந்தியா 1938-இல் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும்வரை இப்படித்தான் நடந்தது. 1918-இல் இன்ஃபுளுவென்சா மலாயாவைத் தாக்கியபோது தோட்டத் தமிழர்கள்தான் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். கை வேலைக்கு வேண்டும்போது கதவு சீக்கிரம் திறக்கும். 2020-இல் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிய அம்மாக்களைப் பார்த்தபோது எனக்கு ஜெரெஜாக் நினைவுக்கு வந்தது மிகையென்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

பள்ளிகளின் இரண்டாவது திறப்பில் வரிசை தலைகீழானது. 2021 மார்ச் 1-இல் பாலர் வகுப்பும் ஒன்று, இரண்டாம் ஆண்டும். 8-ஆம் தேதி மூன்று முதல் ஆறு. இடைநிலைப் பள்ளிகள் ஏப்ரலில். சின்னதுகள் கைப்பேசியில் படிக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகியிருந்தது. டென்மார்க் 2020 ஏப்ரல் நடுவிலேயே சின்னப் பிள்ளைகளை முதலில் வரவழைத்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளிக்கு வந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் தன்னார்வலர்களை வைத்து ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது.

அந்த மார்ச்சில் என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் ‘அ’ எழுதியதைப் பார்த்தேன். பென்சிலைப் பிடிக்காமல், முதலில் ஆள்காட்டி விரலால் தாளில் வரைந்தான். கோடு விழவில்லை என்றதும் என்னைப் பார்த்து, “டீச்சர், இது வேல செய்யல” என்றான். சிரிப்பு வந்தது, அப்புறம் அவன் கையைப் பிடித்துப் பென்சிலை வைத்துவிட்டேன். அவனுக்கு ‘ஃ’ வரை வருவதற்குள் மே 12 வந்தது, நாடு மறுபடி அடங்கியது. அக்டோபரில் திறந்தபோது பாதி வகுப்பு ஒரு வாரம், மறு பாதி அடுத்த வாரம். நடத்தியதையே இரண்டு முறை நடத்த வேண்டியிருந்தது.

வேன்காரர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் கீழ்மாடி அண்ணன் பள்ளி வேன் ஓட்டுபவர். மாதக் கட்டணம் நின்றதும் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் காய்கறியும் பார்சலும் ஏற்றினார். மறுபடி பிள்ளைகளை ஏற்றியபோது வாரம் விட்டு வாரம் பாதிப் பேர்தான் வந்தார்கள். பெட்ரோல் பாதியாகவில்லை.

கோவிலும் இப்படித்தான் திறந்தது. 2020 பிப்ரவரி 8 தைப்பூசம் முழுக்கூட்டத்தோடு நடந்து முடிந்திருந்தது. 2021-இல் ஒன்றுமில்லை. 2022 ஜனவரியில் பால்குடம் உண்டு, காவடி இல்லை. தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளிலும் உறுமி கேட்டது 2023 பிப்ரவரி 5-இல்தான். நாட்டு எல்லையோ 2022 ஏப்ரல் 1-ஆம் தேதியே திறந்துவிட்டது. பள்ளிக்கும் பின்னால் தள்ளப்பட்டவை இரவு விடுதிகள். அவை மே 15 வரை காத்திருந்தன. அந்த மட்டில் அரசாங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

பள்ளி நாட்காட்டி மட்டும் இன்னும் நோயிலேயே கிடந்தது. எங்கள் காலத்தில் ஜனவரி முதல் வாரம் என்றால் புதுச் சப்பாத்து, அழுகிற ஒன்றாம் ஆண்டு, வாசலில் நகராத பெற்றோர். 2021-இன் ஆண்டு இழுத்துக்கொண்டு போனதில், அடுத்த மூன்று வருடமும் பள்ளித் தொடக்கம் மார்ச்சுக்குப் போயிற்று. 2025-இல் பிப்ரவரிக்கு வந்தது. 2026 ஜனவரி 12-இல்தான் பினாங்குப் பள்ளிகள் பழையபடி ஜனவரியில் திறந்தன. 2020-இல் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்து, ஒரே வாரம் என்று விடுமுறைக்குப் போனவர்கள், அன்று இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்தார்கள். சிலர் முதலாம் படிவம், சிலர் புகுமுக வகுப்பு. கீழ்மாடி அண்ணனின் வேனில் இருக்கைகள் திரும்பியிருக்கின்றன. இந்த முறை அவர் ஜனவரிக் கட்டணத்தை டிசம்பரிலேயே வாங்கிக்கொண்டார்.