பாசறையும் மறைக்கப்பட்ட நோயும்

இளைஞரை இல்லத்தினின்று பிரித்து, ஆண்டுக்கணக்கில் பாசறையில் வைத்திருக்கும் அரசுகளுக்கெல்லாம் மேகநோய் ஒரு தீராத தொல்லையாகவே இருந்து வந்திருக்கிறது. அதனை இரண்டு அரசுகள் எதிர்கொண்ட விதத்தை நாம் இங்கே ஒப்புநோக்குவோம்.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்களுள் ஒரு சிறு பகுதியினரே மனைவியருடன் வாழ அனுமதிக்கப்பட்டனர். ஏனையோருக்காகக் கண்டோன்மெண்டுகளில் விலைமகளிர் குடியிருக்க இராணுவமே இடமளித்தது. 1864ஆம் ஆண்டின் கண்டோன்மெண்டுச் சட்டமும் 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் அப்பெண்களைப் பதிவு செய்து, கட்டாய உடற்சோதனைக்கு உட்படுத்தின. நோய் கண்டவள் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைக்கப்பட்டாள்; சோதனைக்கு மறுத்தவள் தண்டிக்கப்பட்டாள். அவளை நாடி வந்த சிப்பாய்க்கோ அச்சட்டங்களில் பதிவுமில்லை, தண்டனையுமில்லை.

1886ஆம் ஆண்டு ஜூன் மாதம் படைத் தலைமையகம் விடுத்த சுற்றறிக்கையொன்று, போதிய எண்ணிக்கையில் அழகிய பெண்கள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளப் பணித்தது. 1888இல் அது அம்பலமானபோது இங்கிலாந்தில் பெருங் கண்டனம் எழுந்தது. காமன்ஸ் சபை கட்டாயச் சோதனைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் நடைமுறையிலிருந்த 1880களிலேயே நோயுற்ற சிப்பாய்களின் விகிதம் ஏறிக்கொண்டிருந்தது. அக்காலத்துப் பாதரச மருந்து நோயை முற்றிலும் நீக்க வல்லதன்று. அத்துடன், தொற்றுக்குரிய இருவருள் ஒருவரை மட்டும் அடைத்து வைத்தால் நோய் எங்ஙனம் நிற்கும்?

அந்தச் சுற்றறிக்கைக்கு நூறாண்டுகளுக்குப் பின், 1986இல், ஆப்பிரிக்காவின் உகாண்டா இதே சோதனையைச் சந்தித்தது. இம்முறை வந்த நோய் எய்ட்ஸ். அன்று அதற்கு மருந்தே இல்லை. பயிற்சிக்காகக் கியூபா சென்ற உகாண்டாப் படையினர் 60 பேருள் 18 பேரிடம் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது. ஹராரேயில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டில், ஃபிடல் காஸ்ட்ரோ இச்செய்தியை உகாண்டாவின் குடியரசுத் தலைவர் முசவேனியிடம் நேரில் கூறினார்.

படையின் மானம் போகுமென்று முசவேனி வாய்மூடி இருக்கவில்லை. மக்களிடையே சென்று இந்நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். இராணுவத்திற்குள்ளும் தடுப்புப் பணி தொடங்கிற்று. 1992 முதல் உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கம் பள்ளிவாசல் இமாம்களுக்குப் பயிற்சியளித்து, குடும்பங்களிடையே விழிப்புணர்வைப் பரப்பியது. 1990களில் தொற்று விகிதம் கணிசமாகக் குறைந்தது. நோயாளிகளின் மரணமும் அக்குறைவுக்கு ஒரு காரணமே. எனினும் மக்களின் நடத்தை மாறியதன் பங்கு பெரிது.

சிப்பாய் பாசறையிலேயே இருந்துவிடுவதில்லை. விடுப்பில் இல்லம் திரும்புகிறான். அவன் மறைக்கும் நோய் ஏதுமறியா மனைவியையும், அவள் வழியே குழந்தையையும் அடைகிறது. பொருள் தேடித் தொலைதூரம் சென்று, பல்லாண்டு பிரிந்து வாழ்வோரின் இல்லங்களும் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். இன்று நல்ல மருந்துகள் உண்டு. அவற்றைத் தவறாது உட்கொண்டு, கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழியே அது துணைக்குப் பரவுவதில்லை. ஆனால் சோதித்து அறிந்தவனுக்கே அம்மருந்து கிட்டும். ஆதலின், நோயுற்றவனைத் தூற்றாது, அவன் அஞ்சாமல் மருத்துவரிடம் செல்லத் துணைநிற்பது நம் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.