கையுழைப்பைக் காசாக எண்ணிய நகரம்

கொடுப்பது எளிது, பெறுகிறவர் தலைகுனியாமல் பெறும்படி கொடுப்பதே அரிது. உதவி என்ற பெயரில் நாம் செய்பவற்றுள் பல, பெறுகிறவரின் வயிற்றை நிரப்புகின்றன. ஆனால் அதே வேளையில், ‘கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை’ என்ற எண்ணத்தை அவர் நெஞ்சில் ஊன்றியும் விடுகின்றன. ஆண்டுகள் பல கொடுத்த பின்னரும், கேட்பவர் கேட்பவராகவே இருக்கிறாரே என்று நாம் சலித்துக்கொள்வதுண்டு. குறை பெறுகிறவரிடம் மட்டும்தானா, கொடுக்கும் முறையிலும் உள்ளதா என்று எண்ணிப் பார்ப்பது நன்று. அதற்குத் துணையாக, அமெரிக்க நாட்டு நகரம் ஒன்றின் அண்மைக்கால வரலாற்றை இங்கே காண்போம்.

அந்நாட்டின் வடமேற்கு மூலையில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அமைந்த நகரம் சியாட்டில். விமானம் கட்டும் போயிங் நிறுவனமே நெடுங்காலம் அதன் உயிர்நாடியாக விளங்கியது. 1960களின் இறுதியில் ஏறத்தாழ 1 லட்சம் பேருக்கு அங்கு வேலை தந்த அந்நிறுவனம், 1971ஆம் ஆண்டில் 40,000க்கும் குறைவான பணியாளரோடு சுருங்கிப்போயிற்று. நகரைவிட்டுக் கடைசியாக வெளியேறுகிறவர் விளக்கை அணைத்துவிட்டுச் செல்லட்டும் என்று சாலையோரத்தில் கேலியாக விளம்பரப் பலகை வைக்கும் நிலை வந்தது.

அந்த வறண்ட நாள்களில்தான் ஒரு சிறு வித்து விழுந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய பிக்கார்டோ குடும்பத்தார் காய்கறி பயிரிட்டு வந்த நிலத்தின் ஒரு பகுதியில், பசித்தோருக்கு உணவு வழங்கும் அமைப்புக்கென அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் காய்கறி விளைவித்தனர். 1973இல் நகர நிர்வாகம் அம்முயற்சியைத் தன் திட்டமாக ஏற்றது. பிக்கார்டோ என்ற பெயரின் முதலெழுத்தைத் தாங்கி, ‘பி-பேட்ச்’ என்று அழைக்கப்பட்ட அத்தகைய பொதுத் தோட்டங்கள் பின்னர் நகரெங்கும் பரவின. மண்ணில் ஒன்றாகக் குனிந்தவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினர் என்பதே இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

1980களில் நகரம் மீண்டும் செழித்தது. நடுநகரில் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் 1985இல் முடிந்த ஒன்று 76 மாடிகள் கொண்டது. ஆனால் குடியிருப்பு வட்டாரங்களில் வாழ்ந்தோர் மனக்கசப்புற்றனர். செல்வமெல்லாம் நடுநகருக்கு, நெரிசலும் உடைந்த நடைபாதையும் நமக்கு என்று முறையிட்டனர். மக்கள் கேட்பதும், அலுவலர் மறுப்பதும், இரு தரப்பும் ஒருவரையொருவர் ஐயுறுவதுமாக நாள்கள் கழிந்தன. இந்நிலையை மாற்ற எண்ணிய நகர மன்றம், 1987இல் வட்டாரங்களுக்குத் துணைபுரியும் திட்டம் ஒன்றை ஏற்றது. மறு ஆண்டு அதற்கெனத் தனி அலுவலகம் தோன்றியது. மேயர் சார்லஸ் ராயர் அதன் தலைமைப் பொறுப்பை ஜிம் டியர்ஸ் என்பவரிடம் ஒப்படைத்தார்.

டியர்ஸ் அரசு அலுவலராக வளர்ந்தவர் அல்லர். 1970களில் அந்நகரின் தென்பகுதி மக்களிடையே அமைப்பாளராக உழைத்து, நகர நிர்வாகத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர். அவர் கற்றுக்கொண்ட வழிமுறை சிக்காகோ நகரில் பிறந்தது. அங்கு இறைச்சிக் கூடங்களின் பின்புறத்து ஏழைக் குடியிருப்பில், போலந்தினரும் லித்துவேனியரும் அயர்லாந்தினரும் தத்தம் ஆலயங்களில் தனித்தனியே வழிபட்டு, ஒருவரோடொருவர் ஒட்டாது வாழ்ந்து வந்தனர். 1939இல் யூத குலத்தவரான சால் அலின்ஸ்கி அவர்களை ஒரே மன்றத்தில் கூட்டினார். அவருக்கு உறுதுணையாக நின்றவர் சிக்காகோவின் துணை ஆயர் பெர்னார்ட் ஷீல். மக்கள் தாமே செய்துகொள்ளக் கூடியதை வெளியார் அவர்களுக்காகச் செய்துவிடக் கூடாது என்பதே அவ்வழிமுறையின் முதல் விதி.

இவ்விதியை மனத்தில் கொண்டு பார்த்தால், சியாட்டில் நகரம் 1989இல் முதன்முறையாக வழங்கிய ‘வட்டார ஈட்டு நிதி’யின் உட்பொருள் விளங்கும். தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு 1,50,000 டாலர் மட்டுமே. பெருநகர் ஒன்றின் வரவு செலவுக் கணக்கில் இது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் அதனோடு சேர்ந்து வந்த நிபந்தனையே புதுமையானது. நகர மன்றம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவு மதிப்புள்ள ஈட்டினை மக்களும் தர வேண்டும். அந்த ஈடு காசாக இருக்கலாம். நன்கொடையாகக் கிடைத்த சிமெண்டாகவோ மரக்கன்றாகவோ இருக்கலாம். கைதேர்ந்தவர் கூலி வாங்காமல் செய்துதரும் பணியாகவும் இருக்கலாம். இவை எதுவும் இல்லாதவர் தம் கையுழைப்பைத் தரலாம். தன்னார்வ உழைப்பின் ஒரு மணி நேரம் 10 டாலராகக் கணக்கிடப்பட்டது.

இக்கணக்கைச் சற்றே நின்று பார்ப்போம். ஒரு தெருவினர் தம் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைக்க 5,000 டாலர் கேட்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களிடம் காசு இல்லை. ஆனால் 50 பேர் ஆளுக்கு 10 மணி நேரம் மண் சுமந்தால் 500 மணி நேரம் ஆகிறது, ஈடும் சரியாகிவிடுகிறது. கன்று நட்ட மூதாட்டியின் ஒரு மணி நேரமும், குழி வெட்டிய இளைஞனின் ஒரு மணி நேரமும் ஒரே மதிப்புடையன. எதுவும் இல்லாதவர் என்று ஏடுகளில் பதியப்பட்டவர், நகர மன்றத்தின் முன் சரிபாதிப் பங்காளியாக நிற்கிறார். விண்ணப்பங்களைத் தரம் பிரிப்பதிலும் வட்டார மக்களின் பேராளர்களுக்கு இடம் தரப்பட்டது. எனவே காசைப் பெறுவதற்காக அலுவலரின் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை. அயலாரின் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும்.

இந்நிதி எதற்கெல்லாம் பயன்பட்டது? ஃப்ரீமாண்ட் என்னும் வட்டாரத்தில் 1932இல் திறக்கப்பட்ட உயரமான பாலம் ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதி குப்பை குவியும் இருண்ட இடமாகக் கிடந்தது. அவ்வட்டாரக் கலைஞர் மன்றம் அதை மாற்ற ஒரு போட்டி நடத்தியது. வந்த மாதிரிகளுள் எது வேண்டும் என்று மக்களே வாக்களித்தனர். பாலத்தின் கீழ் ஒரு பூதம் பதுங்கியிருப்பதாக நார்வே நாட்டுக் கதை ஒன்று உண்டு. அந்தப் பூதத்தையே மக்கள் தேர்ந்தெடுத்தனர். நான்கு கலைஞர்கள் வட்டார மக்களின் துணையோடு, இரும்புக் கம்பியும் சிமெண்டும் கொண்டு 18 அடி உயரப் பூதத்தை 1990இல் எழுப்பினர். அதன் கைப்பிடியில் உண்மையான ஃபோக்ஸ்வேகன் கார் ஒன்று நசுங்கிக் கிடக்கிறது. அஞ்சி ஒதுங்கிய இடத்தில் இன்று குழந்தைகள் பூதத்தின் கை மீதேறி விளையாடுகின்றனர். நகரப் பொறியாளர்கள் மட்டும் கூடியிருந்தால் அங்கு ஒரு கம்பி வேலியும் ஓர் எச்சரிக்கைப் பலகையும்தான் வந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கொலம்பியா சிட்டி என்ற மற்றொரு வட்டாரத்தில் கடைகள் மூடப்பட்டு, பலகை அடித்துக் கிடந்தன. அங்கு வாழ்ந்தோர் அப்பலகைகளின் மேல் தங்கள் தெருவில் இருக்க வேண்டுமென விரும்பிய கடைகளை ஓவியமாகத் தீட்டினர்: பொம்மைக் கடை, புத்தகக் கடை, ஐஸ்கிரீம் கடை. காலப்போக்கில் ஓவியங்கள் அகன்று, உண்மையான கடைகள் அவ்விடத்திற்கு வந்தன. விருப்பத்தை வெளிப்படச் சொல்லவே ஏழை வட்டாரங்களுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. சிறு தொகை சில வேளைகளில் அந்த வாய்ப்பை வாங்கித் தருகிறது.

மவுண்ட் பேக்கர் பகுதியிலுள்ள பிராட்னர் தோட்டத்தின் கதை இன்னும் ஆழமானது. ஏறத்தாழ 1.6 ஏக்கர் பொது நிலத்தை வீடு கட்ட விற்றுவிட நகர நிர்வாகம் எண்ணியது. அங்கே தோட்டமும் பூங்காவும் காண விரும்பிய மக்கள் நகரெங்கும் கையெழுத்துத் திரட்டினர். 1997இல் நகர மன்றம், அதே வட்டாரத்தில் ஈடான நிலம் தராமல் பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்று சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஒன்றாக மண்வெட்டி பிடித்தவர்கள் ஒன்றாகக் குரல் எழுப்பவும் கற்றுக்கொண்டார்கள். தன் காசு தனக்கு எதிராகவே திரும்பக்கூடும் என்று அறிந்தும் அதைத் தொடர்ந்து கொடுத்த நகர மன்றத்தின் பெருந்தன்மையையும் நாம் மறத்தலாகாது.

1991இல் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி கல்லூரியும் அரசுப் புதுமைக்கான விருதினை இத்திட்டத்திற்கு வழங்கின. 2001ஆம் ஆண்டில் ஒதுக்கீடு 45 லட்சம் டாலராக உயர்ந்தது. இன்றுவரை 5,000க்கும் மேற்பட்ட முயற்சிகளுக்கு இந்நிதி துணை நின்றுள்ளது. நகரம் கொடுத்ததைவிட மக்கள் ஈடாகக் கொடுத்ததன் மதிப்பே கூடுதல்.

எனினும் வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுப்பது நேர்மையாகாது. 2002இல் புதிய மேயர் பொறுப்பேற்றபோது டியர்ஸ் தம் பதவியை இழந்தார். அதைவிடப் பெரிய கேள்வி திட்டத்தின் உள்ளேயே இருந்தது. உழைப்பைக் காசாக எண்ணலாம். ஆனால் உழைக்க நேரமே இல்லாதவர் என்ன செய்வார்? பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடும் தாய், மாலைக் கூட்டத்திற்கு எப்படி வருவாள்? புதிதாகக் குடியேறி, நாட்டின் மொழியும் அறியாதவர் விண்ணப்பத்தை எவ்வாறு எழுதுவார்? வட்டார மன்றங்களில் வீடும் ஓய்வும் வாய்த்த முதிய வெள்ளையரே பெரும்பாலும் அமர்ந்திருக்கின்றனர் என்ற குறை வலுத்தது. 2016இல் மேயர் எட் மர்ரி, அம்மன்றங்களுக்கும் நகர நிர்வாகத்திற்கும் இருந்த அதிகாரபூர்வத் தொடர்பைத் துண்டித்தார். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, வர இயலாதவரைத் தேடிச் செல்லவும் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

சியாட்டில் செல்வம் மிக்க நகரம். அதனால் கொடுக்க முடிந்தது என்று சிலர் எண்ணலாம். நகர நிர்வாகமே நொடித்துப்போன இடத்தில் என்ன நடந்தது என்பதையும் காண்போம். கார்த் தொழிலின் தலைநகராக விளங்கிய டெட்ராய்ட்டில் 1950இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2010இல் எஞ்சியோர் 7,13,777 பேர். 2013 ஜூலையில் அந்நகரம் திவால் நிலையை அறிவித்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2010 பிப்ரவரியில், ரொட்டிக் கடை ஒன்றின் மாடியில் சிலர் கூடி ‘டெட்ராய்ட் சூப்’ என்ற விருந்தைத் தொடங்கினர். பின்னர் அதை வழிநடத்திய ஏமி கேர்ல், இறையியல் பயின்ற பெண்மணி. வருபவர் ஒவ்வொருவரும் 5 டாலர் தருவர். சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். நால்வர் எழுந்து ஊருக்குத் தாம் செய்ய விரும்புவதை நான்கு நிமிடங்களில் விளக்குவர். கேள்விகள் நான்கு. பின்னர் அனைவரும் உணவருந்திப் பேசி வாக்களிப்பர். அதிக வாக்குப் பெற்றவர் அன்று திரண்ட காசைப் பெற்றுச் செல்வார். செய்து முடித்ததைத் திரும்பி வந்து அறிவிப்பார். இவ்வாறு ஐந்தைந்து டாலராகத் திரண்டது, சில ஆண்டுகளில் 1 லட்சம் டாலரைக் கடந்தது. பரிசு பெறாதவரும் வெறுங்கையோடு போகவில்லை. அவர் கருத்தைக் கேட்டவர்களுள் ஒருவர் கருவி தருவார்; மற்றொருவர் கூட வந்து உழைப்பார்.

சிறிய சமூகங்கள் தம் முயற்சியால் செய்யக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் கற்பித்தார். பெரிய அமைப்பு சிறியவற்றுக்குத் துணை நிற்க வேண்டும் என்பதும் அப்போதனையின் மறுபாதி. முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏழைகளைக் கைவிடுவோம். மறுபாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அவர்களைக் கைக்குழந்தைகளாக்கிவிடுவோம். இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ளும் வழி உண்டு என்பதற்கு, பிழைகளோடு கூடிய ஒரு சான்றாகவே மேற்சொன்ன நகரங்களைக் காண்கிறோம்.

நம்மிடம் உதவி நாடி வருகிறவரை, ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கிறோம். அது அன்பான கேள்விதான். அதனோடு, ‘உம்மிடம் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்போமாக. அவர் தம் வெறுங்கைகளைக் காட்டக்கூடும். அக்கைகளையே அவருடைய பங்காக எண்ணி எழுதிக்கொள்ளும் கணக்குப் புத்தகம் நம்மிடம் இருக்கட்டும். காட்டக்கூட நேரமின்றி உழைத்துக் களைத்தவர் யாரேனும் நம் தெருவில் உண்டென்றால், அவர் வீட்டு வாசலுக்கு நாமே அப்புத்தகத்தை எடுத்துச் செல்வோமாக.