கட்டுக்கரையைத் தேடிய கதை

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே, அருவியாற்று நீரைத் தேக்கம் அணையின் வழியே பெற்று மாதோட்ட வயல்களை வாழ்விப்பது கட்டுக்கரைக் குளம். அதன் வரலாற்றை ஆராயப் புகும் மாணவன் ஒருவன் இன்று முதலில் நாடுவது கணினியைத்தான். ‘கட்டுக்கரை’ என எழுதித் தேடுகிறான். நூல் உண்டு, பக்கத்திலே அப்பெயரும் உண்டு. ஆயினும் கணினி இல்லையென்கிறது. காரணம் யாது?

பழைய நூலின் பக்கத்தைப் படம்பிடித்து, அப்படத்திலிருந்து எழுத்துகளை இயந்திரம் தானே படித்தெடுக்கிறது. பழைய அச்சிலே ரகரமும் காலும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ‘கட்டுக்கரை’ ‘கட்டுக்காை’ ஆகிவிடுகிறது. நம் அச்சகத்தார் வரியின் இறுதியிலே சொல்லை முறிக்கும்போது குறியெதுவும் இடுவதில்லை. ‘கட்டுக்’ ஒரு வரியிலும் ‘கரை’ மறுவரியிலும் நின்றால், கணினிக்கு அவை இரு சொற்கள். பக்க எண்ணும் நூற்பெயரும் வாக்கியத்தின் நடுவே வந்து விழுவதும் உண்டு. தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் வழங்கிய கொக்கியுடைய ‘லை’, ‘ணை’ வடிவங்களோ, புதிய எழுத்து மட்டும் பழகிய இயந்திரத்தைத் திகைக்க வைக்கின்றன.

இத்தொல்லை புதியதன்று. ஏட்டிலே புள்ளியுமில்லை, ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடுமில்லை. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த நம் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டிலே சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தனர். நமக்கோ பக்கத்தின் படமே கையிலிருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலே தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் உதவினர். 2005இல் தோன்றிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களின் பக்கங்களை எவரும் காணத் தந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை அறிந்தவர்க்கு அப்படங்களின் அருமை சொல்லாமலே விளங்கும்.

திருத்துவோரின் ஊக்கமே சிலவேளை ஊறாகிறது. மன்னார் நாடகங்கள் சில 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் அச்சேறின. அந்நாடகங்களுள் ஒன்றின் பெயரிலே ‘எம்பரதோர்’ என்றொரு சொல் வருகிறது. பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் அது. மன்னாரை அறியாத ஒருவர் அதனைப் பிழையெனக் கொண்டு ‘திருத்தி’விட்டால், போர்த்துக்கேயர் காலத்துச் சுவடொன்று சத்தமின்றி அழியும். இயந்திரத்தின் பிழை வேறு, அச்சுக்கோத்தவரின் பிழை வேறு, ஊர் வழக்கு வேறு. முதலாவதை மட்டும் தயங்காமல் மாற்றலாம்.

அதிலும் ஒரு சிக்கல். ‘காை’ எனத் தமிழிலே எழுத்துக்கோவை இல்லை. ஆதலால் அதனை நூல் முழுவதிலும் ஒருசேரத் தேடி மாற்றிவிடலாம். ஆனால் ‘கரடு’ ‘காடு’ ஆகிவிட்டால்? இரண்டும் நல்ல தமிழ்ச்சொற்கள். எந்த அகராதியும் ஐயுறாது. அங்கே படத்தைத் திறந்து, வரியை விரல்வைத்துப் படித்துப் பார்க்கத்தான் வேண்டும்.