லுத்தரன் சர்ச்சுக்கு முதல்முறை போறீங்களா? எங்கே உட்காரணும், எப்போ எழுந்திருக்கணும்?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளில் ஒன்று திருப்புலி நாடு. இந்த மலையில் சர்ச் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிராண்ட் குடும்பம்தான். 1913ல் மலையேறிய ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி ஈவ்லினும் இங்கே மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1929ல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்ததும் இதே மலையில்தான். தொழுநோய் சிகிச்சையில் உலகப் பெயர் எடுத்த டாக்டர் பால் பிராண்ட் இவர்களின் மகன்.

ஆனால் அவர்கள் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். அந்த வழிபாட்டையே பார்த்துப் பழகிய மலைப் பிள்ளை ஒருவர், படிக்கவோ வேலைக்கோ திருச்சிக்கு இறங்கி, அங்கே நண்பர் கூப்பிட்டார் என்று லுத்தரன் சர்ச்சுக்குள் போனால் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். சர்ச்சையே பார்க்காதவருக்கோ கேட்கவே வேண்டாம். எல்லோரும் கையில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள், திடீரென்று எழுந்திருக்கிறார்கள், ஒரே குரலில் எதையோ சொல்கிறார்கள், மறுபடி உட்காருகிறார்கள். நமக்கு மட்டும் ஒண்ணும் புரியலையே!

லுத்தரன் என்றால் யார்?

1517ல் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தில் பிறந்த சபை இது. தமிழ்நாட்டுக்கு வந்தது 1706 ஜூலை 9ஆம் தேதி. டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கிய நாள் அது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர் இந்த சீகன்பால்குதான். 1718ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. அவரது கல்லறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாரம்பரியத்தில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919ல் உருவானது. அதன் தலைமையகம் திருச்சியில் உள்ளது.

யார் வேண்டுமானாலும் போகலாமா?

போகலாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஞாயிறு ஆராதனைக்கு இல்லை. செருப்பை வாசலில் விடுவது பல ஊர்களில் வழக்கம். பெண்கள் சேலைத் தலைப்பாலோ துப்பட்டாவாலோ தலையை மூடிக்கொள்வார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. குடும்பமாக ஒரே பெஞ்சில் உட்காருகிற இடங்களும் உண்டு. முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழுந்திருக்கவும் உட்காரவும் வசதியாக, புதிதாக வருபவர் நடுவில் அல்லது பின் வரிசையில் இடம் பிடிப்பது நல்லது.

போதகரை "ஐயர்" என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டு அதிர்ச்சியாக வேண்டாம், அது இங்கே சாதிப் பெயர் இல்லை. அவர் மனைவி "ஐயரம்மா".

ஆராதனையில் என்ன நடக்கும்?

எல்லாம் அச்சிட்ட முறைப்படி நடக்கும். பெரும்பாலும் முதலில் பாட்டு, பிறகு பாவ அறிக்கை. சபையார் எல்லோரும் சேர்ந்து தங்கள் தவறை வாய்விட்டுச் சொல்வார்கள், ஐயர் மன்னிப்பின் வார்த்தையைச் சொல்வார். அதன்பின் வேதபாடங்கள், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, ஜெபம், கடைசியில் ஆசீர்வாதம். மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், கூடவும் செய்யும். புத்தகத்தில் பக்கம் தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். பெரும்பாலும் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

பாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. இன்னொன்று நம்ம ஊர் ராகத்தில் பாடும் கீர்த்தனை. 18ஆம் நூற்றாண்டில் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் இந்த இரண்டாவது வகை. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அங்கேதான் சர்ச் திடீரென்று சொந்த வீடு மாதிரி ஆகிவிடும்.

காணிக்கைப் பை வரும்போது போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. விருந்தாளி போடாமல் விட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

திருவிருந்துக்குப் போகலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து, ஞானஸ்நானம் பெற்று, ஞானோபதேசம் படித்து, திடப்படுத்தல் முடித்தவர்களுக்கானது. மற்றவர்கள் இடத்திலேயே இருந்தால் போதும். கோயில் பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் என்று நினைத்து வரிசையில் நின்றுவிட்டால் ஐயருக்கும் சங்கடம், போனவருக்கும் சங்கடம். வேறு சபையில் திருவிருந்து எடுப்பவர் முன்கூட்டியே ஐயரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. எங்கே உட்காரலாம் என்ற கேள்விக்கு இன்று "எங்கே வேணும்னாலும்" என்று பதில் சொல்லிவிடலாம். 18ஆம் நூற்றாண்டில் அப்படி இல்லை. தரங்கம்பாடி மிஷன் சபைகளில் சாதி வாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1733ல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். தஞ்சைப் பகுதியில் பல ஆண்டுகள் உழைத்த ராஜநாயக்கன் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். மற்ற சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற காரணத்தால் உபதேசியாராகவே இருந்துவிட்டார்.

1833ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். அதை ஏற்க மறுத்தவர்களில் பலர், பின்னால் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் பக்கம் போனார்கள். லுத்தரன் வரலாற்றில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட முடியாது. ஒரே மேசை முன்னால் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போடுவதை இன்று பார்க்கும் விருந்தாளிக்கு அது சாதாரணக் காட்சியாகத் தெரியலாம். அது சாதாரணமாவதற்கே தலைமுறைகள் ஆகியிருக்கின்றன.

போய் வந்தால் சாதிச் சான்றிதழுக்குப் பிரச்சினை வருமா?

கொல்லிமலையில் இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. ஆராதனையில் உட்கார்ந்து வருவது மதமாற்றம் ஆகாது. ஞானஸ்நானம் வேறு, வருகை வேறு. அதோடு, மலையாளி சமூகத்தினர் இங்கே பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியல் சாதிக்கு இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவராக இருக்க வேண்டும் என்று 1950 ஆணை சொல்கிறது. பழங்குடியினர் பட்டியலுக்கான ஆணையில் அப்படி மத நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஐயர் வாசலில் நின்று கை குலுக்குவது பல சபைகளில் உண்டு. சிலர் "ஸ்தோத்திரம்" என்று சொல்வார்கள். பதிலுக்கு "வணக்கம் ஐயரே, முதல்முறை வந்திருக்கேன்" என்றால் போதும். எந்த ஊர் என்று கேட்பார்கள், கொல்லிமலை என்றால் பேச்சு நீளும்.