மலையக வீடமைப்பில் முதனிலை வரைவு: கொஸ்லந்தை தரும் பாடம்

கட்டடங்களின் வரலாற்றை ஆராய்வோர் எழுந்து நிற்கும் சுவர்களையே பெரிதும் நோக்குவர். ஆயின், ஒரு கட்டடத்தின் குணங்குறைகளுட் பல அத்திவாரம் இடப்படுமுன்னரே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. யாருக்காக, எந்நிலத்தில், எத்தனை அறைகளுடன் என்னும் வினாக்களுக்கு விடை காணும் இப்பருவத்தை முதனிலை வரைவு எனலாம். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகம் 1960களில் வகுத்த பணித்திட்டமும், தேவைகளை அறிதல், நிலத்தின் தகுதியை ஆராய்தல், உத்தேச வடிவை அமைத்தல் ஆகிய படிகளை வேலைப்படங்களுக்கு முன்னரே வைத்தது. பென்சிற் கோட்டை அழித்து வரைதல் எளிது. சுவரை இடித்துக் கட்டுதல் அரிது.

மலையகத்து லயங்களுக்கும் இத்தகைய தொடக்கம் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், பருவந்தோறும் வந்து செல்வோராகவே கருதப்பட்டனர். எனவே, 'ஒரு குடும்பம் எவ்வாறு வாழும்?' என்பது தோட்டத்துரைமாரின் வினாவாக இருக்கவில்லை. 'இத்தனை பேரைக் குறைந்த செலவில் எங்கே தங்க வைப்பது?' என்பதே அவர்களது வினா. அதற்குக் கிடைத்த விடையே லயம். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. இரட்டை லயங்களிற் பின்சுவரும் பொதுவானது. ஆதலால் அப்பக்கம் சாளரமும் இல்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், வந்து சென்றோர் நிலைகொண்ட குடிகளாயினர். குடிகள் மாறினர், வரைவு மாறவில்லை. தற்காலிகத் தங்குமிடத்துக்கென எழுந்த வடிவம் தலைமுறைகளின் வீடாயிற்று.

நிலத்தேர்வு பற்றிய வினாவை மிகக் கொடிய முறையில் எழுப்பியது கொஸ்லந்தை. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். இது முன்னறியப்படாத இடரன்று. 1990இலேயே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயப் படங்களை வரையும் பணி தொடங்கியிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடத்தின் அபாயத்தை எடுத்துரைத்திருந்தது. அறிவு இருந்தது, ஆனால் குடியிருந்தோர் பெயர்ந்து செல்லத்தக்க மாற்று நிலம் அவர்கள் கையில் இருக்கவில்லை.

இதன் காரணம் வரலாற்றில் உள்ளது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றிலும், லயத்திற் குடியிருந்தவர் தாம் வாழ்ந்த நிலத்துக்கு உரித்தாளர் ஆகவில்லை. பிற இடங்களில் வீடு கட்டுவோர் வரைஞரை அழைத்துத் தம் தேவைகளைக் கூறுவர். நிலமற்றவர்க்கு அவ்வாறு அழைக்கும் உரிமையுமில்லை. படத்தைத் திருத்தும் உரிமையுமில்லை.

மீரியபெத்தையில் தப்பியோர் நெடுநாள் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்தபின், 2016இல் மக்கல்தெனியவில் அமைந்த 75 தனி வீடுகளைப் பெற்றனர். 2015இன் பின்னர் தோட்டப்புற வீடமைப்பில் 7 பேர்ச் காணியும் ஏறத்தாழ 550 சதுர அடி வீடும் பொது அளவாயின. தனிக் கூரையும் தனிச் சுவரும் லயத்தினின்று பெரும் விலகலே. எனினும், நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே படத்தை முன்கூட்டியே வரைந்து வைத்தல் பழைய வழக்கத்தின் எச்சம் எனலாம். முதியோருள்ள குடும்பம், விறகடுப்பிற் சமைக்கும் குடும்பம், மாடு வளர்க்கும் குடும்பம் ஆகியவற்றின் தேவைகள் ஒன்றல்ல.

மலையக வீடமைப்பின் வரலாற்றைக் கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் தொகை கொண்டு மட்டும் எழுதுதல் போதாது. நிலத்தை ஆராய்ந்தவர் சொல் எப்போது கேட்கப்பட்டது, குடியிருக்கப் போகிறவர் எப்போது அழைக்கப்பட்டார் என்பனவும் அதில் இடம்பெறல் வேண்டும். இவ்விரண்டும் முதற்கோடு வரையப்படுமுன் நிகழ வேண்டியவை என்பதே கொஸ்லந்தை விட்டுச் சென்ற பாடமாகும்.