ஜவ்வாது அடிவாரத்தில் ஒரு பழைய கேள்வி

ஜவ்வாது மலையைச் சுற்றி வந்தால் லுத்தரன் சபையின் இரண்டு கிளைகள் எதிர்ப்படும். வடக்கே பாலாற்றுப் பக்கம் ஆம்பூரும் வாணியம்பாடியும். அமெரிக்காவின் மிசௌரி சினாட் வழிவந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை அங்கே. தென்கிழக்கே திருவண்ணாமலை, அங்கே டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் சபை. வாலிபர் முகாமுக்கு நாள் குறித்ததும் இரண்டு பக்கமும் ஒரே கேள்விதான் எழும். செய்தி கொடுக்க வெளியிலிருந்து யாரை அழைப்பது? நம் சபைக்காரரையா, யாராயிருந்தாலும் சரியா?

கேள்வி புதிதல்ல. தமிழ் லுத்தரன் சபை பிறந்ததே வெளியார் தயவில். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் ஜெர்மானியர். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். அச்சு இயந்திரம் தந்ததோ லண்டனின் ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே. தமிழ் எழுத்துகள் ஹாலே நகரில் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தபோது, எது எந்தச் சபையின் கைவேலை என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

ஆம்பூர்ப் பக்கத்துக் கதை நேர் எதிர். லைப்சிக் மிஷனில் இருந்த தியடோர் நேதரும் பிரான்ஸ் மோனும் வேத வசனத்தின் தெய்வ ஏவுதல் பற்றிய தகராறில் அதை விட்டு விலகி, மிசௌரி சினாட்டில் சேர்ந்தார்கள். நேதர் 1895இல் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார். மிசௌரிக்காரர் கடல் கடந்து நடத்திய முதல் மிஷன் இதுவே. உபதேசத்தில் உடன்படாதவரோடு சேர்ந்து ஜெபிப்பதுகூடத் தவறு என்று கருதிய சபை அது. லுத்தரனே ஆனாலும் வேறு லுத்தரன் என்றால் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வெளியார் ஒருவரை மேடை ஏற்றுவது சின்ன விஷயமா?

தாய்ச்சபையிலேயே அது வெடித்தது. மிசௌரியின் வாலிபர் அமைப்பான வால்தர் லீக் 1893இல் பஃபலோவில் உருவானது. 1965இல் கலிபோர்னியாவின் ஸ்குவா வேலியில் நடந்த அதன் மாநாட்டுக்கு நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரை அழைத்தார்கள். அவர் லுத்தரன் அல்ல. போதாக்குறைக்கு, கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் 1955இல் பதில் சொல்ல மறுத்தவர். பழமைவாதிகள் கொதித்தார்கள். பிள்ளைகள் முன் பாட ஆள் தேடுகிறபோது பாட்டைக் கேட்பதா, ஆளின் கட்சியைக் கேட்பதா என்ற சண்டை அது. பின்னர் 1980இல் போர்ட் காலின்சில் தொடங்கிய தேசிய வாலிபர் கூடுகையைச் சினாட் தன் பொறுப்பிலேயே நடத்தியது.

திருவண்ணாமலைப் பக்கத்தில் இதைவிடப் பெரிய வம்பு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. டேனிஷ் மிஷனின் எல்.பி. லார்சன் 1889இல் சென்னைக்கு வந்து மாணவர்களிடையே வேலை செய்தார். பிறகு ஒய்.எம்.சி.ஏ. வழியாக எல்லாச் சபை வாலிபர்களோடும் பழகினார். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வரானார். அதை மிஷன் ஒருவாறு சகித்தது. காந்தியைத்தான் சகிக்க முடியவில்லை. திருக்கோவிலூரில் பணியாற்றிய இளம்பெண் எஸ்தர் ஃபேரிங், மூத்த தோழி ஆன் மேரி பீட்டர்சனோடு இந்தியப் பள்ளிகளைப் பார்த்துவரப் புறப்பட்டு, 1917 ஜனவரியில் காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார். காந்தி அவரை மகளாகவே நினைத்துக் கடிதங்கள் எழுதினார். மறுபடி போகக் கூடாது என்று மிஷன் தடுத்தது. கடைசியில் ஃபேரிங் மிஷனை விட்டு விலகினார். பீட்டர்சனும் விலகி, பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி.

இழப்பு யாருக்கு? நல்ல ஆசிரியைகள் இருவர் போனது மிஷனுக்குத்தான்.

அதே 1921இல் மலையின் மேற்கு அடிவாரத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் எழுந்தது. தொடங்கியவர்கள் தமிழ் மருத்துவர் எஸ். யேசுதாசன், ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஊராருக்குப் பெரியண்ணன், சின்னண்ணன். கதர் உடுத்தி, இலவச மருத்துவம் பார்த்து, கோவில் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள். 1932இல் சென்னையில் சின்னண்ணனைப் போலீசார் அடித்த செய்தி லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. வாலிபருக்குச் செய்தி கொடுக்க இவர்களைவிடத் தகுதியான அண்டைவீட்டார் அந்த வட்டாரத்தில் இருந்திருக்க முடியாது. இத்தனைக்கும் இருவரும் லுத்தரன் அல்லர்.

மலைக்கு மேலும் வெளியார் பலர். சீர்திருத்தச் சபையின் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இன்று பல சபைகளின் கூட்டுச் சொத்து. அதன் மருத்துவர்கள் மலைக் கிராமங்களுக்கும் போகிறார்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர். முகாமுக்கு வந்த பிள்ளைகளை இரவில் அங்கே அழைத்துப் போய், ஒரு விஞ்ஞானியைப் பேசச் சொன்னால் எந்த உபதேசமும் கெட்டுப்போகாது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி இருபது பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்து ஏழைகள். அந்த மலையில் கூடும் வாலிபர் வேலையையும் கூலியையும் காட்டையும் பற்றிக் கேட்காமல் திரும்பினால் அது முகாமே அல்ல. அதற்குச் சபைக்குள்ளே ஆள் இல்லையென்றால் வெளியே தேட வேண்டியதுதான். மலையின் மலையாளிப் பழங்குடிச் சமூகத்திலிருந்து ஒருவர், வன உரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், சாமை பயிரிடும் விவசாயி ஒருவர்: மலைமேல் ஜமுனாமரத்தூரில் அடுத்த முகாம் போடுகிறவர்கள் இந்த மூவருக்கும் முதலில் அழைப்பு அனுப்பட்டும். வழிச்செலவையும் நாள்கூலியையும் சபையே கொடுக்கட்டும்.